கையை முகர்ந்தவர்

கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குனிந்து என் விரல்களை முகர்ந்தார்.

"பீடியா?"

"ஆமாங்க."

"இந்த வெரலு எங்க போச்சு?"

இடது ஆள்காட்டி விரலில் மேல் கணு எனக்குக் கிடையாது. "ரிக்குலங்க. சத்தீஸ்கர்ல போர் போடறப்பச் சங்கிலில மாட்டிக்கிச்சு."

"செரி. அழுக்கு சேர ஒரு நகம் கொறைச்சல்" என்றார். அப்படித்தான் என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் எரு அள்ளியிருக்கிறேன். ரிக் வண்டியோடு நாலு மாநிலம் சுற்றியிருக்கிறேன். கை நீட்டிய முதலாளிகள் உண்டு, பாதி வழியில் இறக்கிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்கள் முகமெல்லாம் மறந்துவிட்டது. இவர் என்னை அடித்ததில்லை. மூன்று வேளைச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. ஆனாலும் நான் மறக்காமல் வைத்திருக்கும் முகம் இவருடையதுதான். எனக்கு அவரைப் பிடிக்காது.

எடப்பாடிக்கு வெளியே அவருடைய கொட்டகை. எட்டு விசைத்தறிகள் ஓடிய இடம். தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, கூரையில் ஓட்டைப் பிரித்து வெளிச்சம் இறங்கும் தகடு மாட்டி, உள்ளே பச்சை வலை கட்டி, ஆர்க்கிட் வளர்த்துக்கொண்டிருந்தார். கடையில் விற்கும் கலப்பு ரகம் இல்லை. போர்னியோ மழைக்காட்டில், ஆற்றோர மரங்களின் கிளையில் ஒட்டி வளரும் ஒரு இனம். அதற்கு மண் வேண்டாம், வெயில் ஆகாது, எப்போதும் காற்றில் ஈரம் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் சித்திரையில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். இந்த ஊரில் அதை வளர்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்று ஒருநாள் கேட்டேன்.

"பெங்களூர்ல ஒரு ஊட்டுல பாத்தேன். ஒரே ஒரு பூ. அந்த ரூமே மணந்துச்சு. முப்பது வருசம் தறிச் சத்தத்துல இருந்தவனுக்கு அது ஒண்ணு போதும்னு பட்டுச்சு" என்றார். அவர் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது அநேகமாக அந்த ஒருமுறைதான்.

தறிச் சத்தம் அவர் காதைப் பாதி எடுத்துக்கொண்டுபோயிருந்தது. அதனால் எதையும் கத்தித்தான் சொல்வார். ஃபேன் ஓடும் சத்தம் தவிர வேறு சத்தமில்லாத அந்தக் கொட்டகையில் "தண்ணி வை" என்பதையே சண்டைக்கு இழுப்பது போலச் சொல்வார்.

அந்தச் செடியின் விதை தூசி மாதிரி இருக்கும். தொட்டியில் தூவினால் முளைக்காது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாட்டிலுக்குள், சர்க்கரை கலந்த ஜெல்லியில் விதைத்து, வருடக்கணக்கில் வளர்த்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு மூன்று இலை வந்த பிறகு பாட்டிலோடு அனுப்புவார்கள். பாட்டிலைத் திறந்து, நாற்றுகளை வெளியே எடுத்து, வேரில் ஒட்டிய ஜெல்லியைத் துளி மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். கழுவியதை மாஸ் என்கிற காய்ந்த பாசியில் சுற்றிச் சின்னத் தொட்டியில் வைக்க வேண்டும். பாட்டிலுக்குள் இருந்தவரை அந்த நாற்று ஒரு கிருமியையும் பார்த்திருக்காது. வெளியே வந்த முதல் மாதம் எதற்கும் செத்துப்போகும்.

சாகவும் செய்தது. ஒவ்வொரு சாவுக்கும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"ஆரு கை?"

ஒரு இலை கருகியிருக்கும். வெயில் பட்டிருக்கலாம், வேர் காய்ந்திருக்கலாம். அதெல்லாம் அவருக்குக் காரணமே இல்லை. "இந்தத் தொட்டியத் தொட்டது ஆரு கை?" என்று கத்துவார். ஒரு முறை நத்தை ஒன்று தளிரைத் தின்றுவிட்டது. அந்த நத்தையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாலு நாள் விசாரணை நடத்தினார். மாஸ் மூட்டையில் வந்திருக்கும் என்றேன். மூட்டையை இறக்கியது யார் என்றார். இறக்கியது அவர் மச்சினன். பொங்கலுக்குக்கூட அந்த மனிதரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

புகையிலையில் ஒரு வைரஸ் உண்டு, அது விரல் வழியாக ஆர்க்கிடுக்கு ஒட்டும், மருந்து கிடையாது என்று ஆய்வுக்கூடத்துக்காரர் போனில் சொல்லியிருக்கிறார். பாலில் கை நனைத்தால் அது கட்டுப்படும் என்றும் சொல்லியிருக்கிறார். போதாதா? கொட்டகை வாசலில் ஒரு சட்டி பால் வந்து உட்கார்ந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, பாலில் நனைத்து, அவர் மூக்குக்கு முன்னால் கையை நீட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

அவர் சம்சாரம் டீ கொண்டுவந்தால் அந்த அம்மாவுக்கும் இதே சோதனைதான். "தாலி கட்டறன்னிக்குக் கையப் புடிச்ச மனுசன், இப்ப மோந்து மோந்து பாக்கறாரு" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். முதலாளி சிரிக்கமாட்டார். "வெங்காயம்" என்று கத்திவிட்டுத் திருப்பி அனுப்புவார். டீ வாசலிலேயே ஆறும்.

என்னோடு வேலை பார்த்தவர் சரோஜாக்கா. சேலம் அம்மாபேட்டையில் பிறந்து, எடப்பாடிக்கு வாக்கப்பட்டவர். வீட்டுக்காரர் இல்லை. ஒரு மகள், அவளும் கைக்குழந்தையோடு திரும்பி வந்து அக்காவோடுதான் இருந்தாள். மூன்று பேருக்கும் சாப்பாடு அக்காவின் இந்த வேலைதான். முன்பு தறிப்பட்டறைகளில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். தறியில் நெடுக ஓடும் நூல்தான் பாவு; பழைய பாவு முடிகிற இடத்தில் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சேர்க்கிற வேலை அது. அந்த விரல்களால் நாற்றின் வேரைப் பிரித்தால் ஒரு வேர் உடையாது. நான் ஒரு நாற்றைக் கழுவும் நேரத்தில் அவர் ஐந்தைக் கழுவி வரிசையாகச் செய்தித்தாளில் படுக்க வைத்திருப்பார். வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருக்கும். அதற்காகத் தினமும் இரண்டு தடவை பாலில் கை நனைப்பார்.

"பேரப்புள்ளைக்கு டீத்தூள் தண்ணி, என்ற கைக்குப் பசும்பாலு. எப்பிடித் தம்பி நம்ம பொழப்பு?" என்பார்.

"என்ன சிரிப்பு அங்க?" என்று கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து முதலாளி கத்துவார்.

"செடி சிரிக்குதுங்க மொதலாளி!"

காது கேட்காதது நல்லதாயிற்று.

அவருக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லவில்லை. மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதைத்தான் செடிக்கு ஊற்றுவார். போர் தண்ணீர் உப்பு, ஒரு சொட்டு படக்கூடாது. காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் மீட்டர் ஒன்று சுவரில் இருந்தது. அதை அவர் நம்பமாட்டார். கொட்டகையின் நடுவில் ஒரு கொத்துப் பருத்தி நூலைத் தொங்கவிட்டிருந்தார். காலையில் வந்ததும் அதில் ஒரு இழையை உருவி, இரண்டு கையாலும் இழுத்து அறுப்பார். இழை மெதுவாக, இழுபட்டு அறுந்தால் ஈரம் போதும். பட்டென்று தெறித்தால் காற்று காய்ந்துவிட்டது. தறிக்காரர்களுக்கு இது கைவந்தது. வறண்ட காற்றில் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். அப்போது தறிப்பட்டறையில் சன்னலை அடைத்து, காற்றை நிறுத்தி, தரையில் தண்ணீர் அடிப்பார்கள். நூல் பதமாகும், தறி ஓடும்.

செடிக்கு அது ஆகாது. ஈரமும் வேண்டும், காற்றும் ஓட வேண்டும். காற்று நின்றால் இலை நடுவில் தங்கும் தண்ணீர் வேகிற மாதிரி சூடாகிக் குருத்து அழுகிவிடும். ஆய்வுக்கூடத்துக்காரர் இதைப் பலமுறை சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஃபேனை மட்டும் எப்பவும் நிறுத்தாதீங்க சார்."

அந்தச் சித்திரையில் முப்பது பாட்டில் வந்திருந்தது. அவ்வளவையும் ஒரே வாரத்தில் சரோஜாக்கா கழுவி வைத்தார். நட்டு மூன்று வாரமாகி, சில நாற்றுகளில் புது வேர் நுனி பச்சையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. முதலாளி ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். ஒருநாள் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை உச்சி வெயில். சரோஜாக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான் மாஸ் மூட்டைகளுக்குப் பின்னால் கிழிந்த மூட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி உள்ளே வந்தார். நூலை உருவி இழுத்தார். பட்டென்று தெறித்தது. இன்னொன்று. அதுவும் தெறித்தது. மின்விசிறிகளை நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். பக்கத் திரைகளை இறக்கிக் கட்டினார். வாளியில் தண்ணீர் எடுத்துத் தரை முழுக்க அடித்தார். முப்பது வருடமாகச் செய்ததை அவர் கை தானாகச் செய்தது.

சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு மாதம் முன்பு வேறு எதற்கோ வாய் திறந்து, "நீ தறி ஓட்டியிருக்கறயா?" என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பேசாமல் பின்வாசல் வழியாக வெளியே போனேன். மறுநாள் ஞாயிறு. சாவி அவரிடம். நான் ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் போய்க் குளித்துவிட்டு, மீன் வறுவல் தின்றுவிட்டு, பொழுதோடு வந்து படுத்தேன்.

திங்கட்கிழமை எங்களுக்கு முன்பே அவர் உள்ளே இருந்தார். விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரைகள் தூக்கிக் கட்டியிருந்தன. தரை காய்ந்திருந்தது. செடிகள் மட்டும் சனிக்கிழமை நடந்ததை மறைக்கவில்லை. குருத்தெல்லாம் பழுப்பாகி, தொட்டால் கையோடு வந்தது. கொட்டகையே அழுகின கீரை நாற்றம் அடித்தது.

"ஆரு கை?" என்று கத்தினார்.

"அம்மிணி, கைய நீட்டு."

சரோஜாக்கா நீட்டிய கையை முதலாளி முகர்ந்தார். இரண்டாவது தடவையும் முகர்ந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பொகையில. இந்தக் கைதான் கழுவுச்சு. இந்தக் கைதான் கொன்னுருக்குது."

அந்த வைரஸ் இலையில் தெரியவே மாதக்கணக்காகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

சரோஜாக்கா கையை மடக்கிக்கொண்டார். மூலையைக் காட்டினார். அங்கே சுவரில் பழைய மோட்டார் பெல்ட் போன ஓட்டை ஒன்று அடைக்காமல் கிடந்தது. அதற்கு நேராக இருந்த ஒன்பது தொட்டி மட்டும் வாடாமல் நின்றன.

"அதுவும் நாங்கழுவுனதுதானுங்க. இதே கைதானுங்க. அது ஏனுங்க சாவுல?"

முதலாளி அந்த ஒன்பது தொட்டியைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அடுத்த நொடி என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. இங்கயேதான கெடக்கற? நீ என்னத்தப் பாத்த?"

கொட்டகையை ஒட்டிய அறையில்தான் என் கட்டில். தோளில் அடிபட்டு ரிக் வேலைக்கு ஆகாமல் இருந்தேன். வேறு போக்கிடம் கிடையாது. சரோஜாக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றேன்.

அக்கா பால் சட்டியைத் தாண்டி வெளியே போனார். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஊருக்குள் பேச்சு அன்றே பரவியது. தொட்டால் செடி சாகும் கை என்றார்கள். பட்டறைகளில் யாரும் பாவு பிணைக்கக்கூடக் கூப்பிடவில்லை. மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அம்மாபேட்டைக்கே போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்குப் பிறகு முதலாளி என் கையை முகரவில்லை. சாவியை என்னிடம் கொடுத்து வைத்தார். கறிக்குழம்பு வைக்கும் நாளில் என் இலையில் இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது. என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இன்னும் நாலு மாதம் இருந்தேன். தோள் சரியானதும் ரிக் ஏறிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துத் திருச்செங்கோட்டுக்கு வண்டி வந்தபோது, எடப்பாடிக்கு பஸ் ஏறினேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சரியாகச் சொல்ல வராது.

கொட்டகைச் சுவரில் வெளியிலிருந்தே தெரிந்தது. வரிசையாக ஓட்டைகள். அந்தப் பழைய பெல்ட் ஓட்டை உயரத்தில், அதே அளவில், இரண்டு பக்கச் சுவரிலும் நெடுக உடைத்துக் கம்பி வலை அடித்திருந்தார். உள்ளே நூல்கொத்து இல்லை. அந்த ஒன்பது தொட்டிச் செடிகளும் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்தன. அதில் ஒன்றில் பூ. ஒரே ஒரு பூ. வெளிர் பச்சை இதழ், நடுவில் கத்திரிப்பூ நிறம் கசிந்திருந்தது.

"பாத்தியா?" என்று கத்தினார். "வந்துருச்சு பாத்தியா?"

"செவுத்துல ஓட்டை போட்டிருக்கீங்க."

"காத்து வேணுமில்ல?"

"அன்னிக்கு ஃபேன நிறுத்துனது நீங்கதானுங்க."

"என்னது?"

காது கேட்கவில்லை. நான் கத்த வேண்டியதாயிற்று. "சனிக்கெழம ஃபேன நிறுத்துனது நீங்கதானுங்க! நாம் பாத்தேன்!"

அவர் என்னிடம் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"தெரியும். மாஸ் மூட்டைக்கு அக்கட்டால இருந்த. பீடி வாசம் வந்துச்சு."

"பின்ன ஏனுங்க சரோஜாக்காவ..."

"உன்னையத்தாங் கேட்டேனே. நாலு பேருக்கு முன்னால வெச்சுக் கேட்டேன். என்னத்தப் பாத்தன்னு. நீ என்ன சொன்ன?" பூவுக்குப் பக்கத்தில் இருந்த இலையில் ஒரு தூசியை ஊதினார். "ஃபேன நிறுத்துனது என்ற கை. அவள அனுப்புனது ஆரு கை? சொல்லு, ஆரு கை?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. வைக்கவில்லை. வெளியே வந்தேன். வாசலில் பால் சட்டி அப்படியே இருந்தது. யாரோ புதிதாக ஒரு பெண், வெறும் பதினெட்டு இருபது வயது இருக்கும், அதில் கை நனைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மாபேட்டைக்குப் போனேன். விசாரித்துக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. ஒரு தறி வீட்டின் முன்னறையில் சரோஜாக்கா தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றும் வேலை. பாவு பிணைத்தால் கிடைக்கும் கூலியில் பாதிகூட வராது. என்னைப் பார்த்ததும் வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, விசிறி, திரை, நான் பார்த்தது, சொல்லாதது. ராட்டை நிற்கவே இல்லை.

"இதச் சொல்ல ரெண்டு வருசம் ஆச்சா தம்பி?"

நிறைந்த கட்டையைக் கழற்றிப் போட்டு, வேறு கட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். "அந்த ஒம்பதுல ஒண்ணாச்சும் பூத்துச்சா?"

"பூத்திருக்குதுக்கா. ஒண்ணு."

"என்ன வாசம்?"

அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தேன். முதலாளி மேல் இருந்த ஆத்திரத்தில் நான் அதை முகரவே இல்லை.

"தெரியலக்கா" என்றேன்.

நூல் அறுந்தது. அக்கா ராட்டையைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், இரண்டு நுனியையும் எடுத்து முடிந்து, மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார்.